நெட் இல்லாத நேரத்துல உங்க ராஸ்பெரி பை என்ன செய்யும்?

ஆடிக் கிருத்திகை அன்னிக்குத் திருத்தணியில நின்னவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரவணப் பொய்கையிலிருந்து மலை வரைக்கும் வெறும் தலைகள்தான் தெரியும். காவடி, பம்பை, மஞ்சள் துணி, அரோகரா சத்தம். போன்ல சிக்னல் கோடு முழுசா காட்டும். ஆனா ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போகாது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது அந்தக் கூட்டத்துக்கு நடுவுலதான் எங்க டீமோட 'ஸ்மார்ட் க்ரவுட் மானிட்டர்' படுத்துடுச்சு. மலை அடிவாரத்துல நண்பனோட மாமா கடை மாடியில ஒரு ராஸ்பெரி பை, ஒரு கேமரா. கடந்து போற தலைகளை எண்ணும், கிளவுடுக்கு அனுப்பும், போன்ல கிராஃப் வரும். காலேஜ் எக்ஸ்போவில் கைதட்டல் வாங்கின ப்ராஜெக்ட். கிருத்திகை அன்னிக்குச் சாயங்காலம் 5.40-க்கு கிராஃப் நின்னது. ராத்திரி பதினோரு மணி வரை அதே எண். கூட்டம் அதிகமாக அதிகமாக நெட் செத்துப்போச்சு. அதாவது, கூட்டத்தை எண்ணுறதுக்காகவே செய்த கருவி, கூட்டம் வந்ததும் ஊமையாச்சு. மாடியில் இருந்த பை என்னவோ ஒழுங்கா எண்ணிக்கிட்டுதான் இருந்துச்சு. அது எண்ணினதை யாருக்கும் சொல்ல முடியல, அவ்வளவுதான்.

அதே நேரம் கீழே ஒரு பாட்டி பேரனைக் காணோம்னு அழுதுட்டு நிக்கிறாங்க. கான்ஸ்டபிள் ஒருத்தர் தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார், சட்டை நிறம் சொன்னார், கொஞ்ச நேரத்துல மேலே மண்டபத்துக்கிட்ட பையன் இருக்கான்னு பதில் வந்துடுச்சு. எங்ககிட்ட நாலு கோர் பிராசசர் இருந்தது. அவர்கிட்ட ஒரு வயர்லெஸ் செட் இருந்தது.

அந்த ராத்திரியிலிருந்துதான் எனக்கு இந்தக் கேள்வி: நம்ம காலேஜ்ல வருஷா வருஷம் இத்தனை ராஸ்பெரி பை ப்ராஜெக்ட் பண்றோமே, ஒண்ணாவது நெட் இல்லாம அடுத்த தெருவுக்குப் பேசுமா? ஸ்மார்ட் டஸ்ட்பின், ஸ்மார்ட் பார்க்கிங், ஸ்மார்ட் செடிக்குத் தண்ணி, எல்லாமே ஏதோ ஒரு நாட்டுல இருக்கிற சர்வர்கிட்ட போய்த் திரும்பி வருது. செடி ஜன்னல்ல இருக்கு. 'தண்ணி ஊத்து'ங்கற கட்டளை மட்டும் கடல் தாண்டிப் போயிட்டு வருது. இதை ஈசிஈ ப்ராஜெக்ட்னு சொல்றதுக்கு எனக்கு இப்போ கூச்சமா இருக்கு. நாலு வருஷம் ஆன்டெனா தியரி, மாடுலேஷன், டிரான்ஸ்மிஷன் லைன் எல்லாம் படிச்சுட்டு, கடைசியில வைஃபை பாஸ்வேர்டு டைப் பண்றதோட நம்ம ரேடியோ வேலை முடிஞ்சு போகுது.

என் கருத்து இதுதான்: ராஸ்பெரி பையை ஒரு ரேடியோவோட கட்டுங்க. அதுக்கு முன்னாடி, இல்லாட்டி அதோட சேர்த்தே, ஹாம் ரேடியோ தேர்வு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு மட்டும் செய்தா பாதிதான்.

(எங்க அம்மாவுக்கு இது பெயர்லயே குழப்பம். "பை வாங்க நாலாயிரமா? மஞ்சப்பை எடுத்துட்டுப் போடா"ன்னாங்க. இந்தக் கட்டுரையில பை என்றால் போர்டு.)

எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர். ஸ்டேஷன் பக்கத்துத் தெருவுல வீடு. மாடியில கம்பி கட்டியிருக்கும், தெருப் பசங்க அதைத் துணி காயப் போடற கொடின்னுதான் நினைச்சுட்டு இருந்தோம். அது 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல். முப்பது வருஷத்துக்கும் மேல லைசென்ஸ் வெச்சிருக்கிறவர். எங்க கதையைக் கேட்டுட்டுச் சிரிச்சார். "உங்க பொட்டிக்கு மூளை இருக்குபா. வாய்தான் இல்ல."

வாய் வைக்கறது நாங்க நினைச்ச மாதிரி சுலபமா இல்ல. ஐடியா எளிமையானது. ஏபிஆர்எஸ் என்று ஒரு முறை இருக்கு; அமெரிக்காவில் பாப் புருனிங்கா என்ற ஹாம் உருவாக்கியது. இருக்கும் இடம், வானிலை, சின்னச் செய்தி, அளவீடுகள் இதையெல்லாம் குட்டிப் பாக்கெட்டாக்கி விஎச்எஃப் ரேடியோவில் அனுப்பும். பாக்கெட்டில் உள்ள ஒண்ணும் பூஜ்யமும் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற ரெண்டு விசில் சத்தமா மாறும். நொடிக்கு 1200 பிட். ஆமாம், அவ்வளவுதான். ஒரு செல்ஃபி அனுப்ப நினைச்சா விடிஞ்சுடும். ஆனா 'கிழக்கு வாசல், 4,210 பேர்' என்று அனுப்ப ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல போதும். முன்னெல்லாம் இந்த விசிலைப் பிரிச்சுப் படிக்கத் தனியா மோடம் பெட்டி வாங்கணும். இப்போ டைர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையை ராஸ்பெரி பையிலேயே செய்துடுது.

இனி நிஜம். ராஸ்பெரி பையில மைக் இன்புட் கிடையாது. இது வாங்கின அப்புறம்தான் தெரிஞ்சது. ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு தனியா வேணும். ரேடியோவின் ஸ்பீக்கர் அவுட்டை அதோட மைக்ல நேரா சொருகினோம். சத்தம் அதிகமாகி அலையோட தலை தட்டையாச்சு, ஒரு பாக்கெட்டும் டீகோட் ஆகல. அனலாக் எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்துல 'கிளிப்பிங்' படத்தைப் பத்து மார்க்குக்கு வரைஞ்சிருக்கேன். அது என் மேசையிலேயே நடந்தப்போ அடையாளம் தெரியல. சார் வந்து ரெண்டு ரெசிஸ்டர் போட்டு அளவைக் குறைச்சார். உடனே வந்துச்சு.

அடுத்தது, அனுப்பும் பட்டன். பேசும்போது விரலால அழுத்தற பிடிடி பட்டனை ராஸ்பெரி பையோட ஒரு ஜிபிஐஓ பின் அழுத்தணும். நேரா கம்பி இழுத்தா என்ன ஆகும்னு சார் செய்தே காட்டினார், அவரோட பழைய போர்டுல: ரேடியோ அனுப்ப ஆரம்பிச்ச அடுத்த கணம் பை ரீஸ்டார்ட் ஆச்சு. அனுப்பற அலை அந்தக் கம்பி வழியாவே திரும்பி உள்ளே வருது. ஒரு ஆப்டோகப்ளர், கம்பி மேல ரெண்டு ஃபெரைட் மணி, பிரச்சினை முடிஞ்சது. இஎம்ஐ, இஎம்சி என்று ஒரு எலெக்டிவ் இருக்கே, ஸ்லைடு பார்த்து எழுதிட்டுப் போறோமே, அந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு மேசையில இருந்தது.

இன்னொரு தொல்லை எதிர்த் திசையிலிருந்து வரும். ரேடியோ பையைக் கெடுக்கற மாதிரியே பையும் ரேடியோவைக் கெடுக்கும். மலிவான சார்ஜர், எச்டிஎம்ஐ கேபிள், மாடியில எரியற எல்ஈடி பல்பு எல்லாமே சத்தம் போடற பிறவிகள். நம்ம காதுக்குக் கேட்காது, ரிசீவருக்குக் கேட்கும். முதல் ராத்திரி நாங்க ஆர்வமா பதிவு பண்ணின 'மர்ம சிக்னல்' எங்க சார்ஜரோடது.

லைசென்ஸ் சாரோடது. அதனால அனுப்பினது அவர், அவர் வீட்டு மாடியிலிருந்து, அவர் கால்சைனோட. நாங்க கேட்க மட்டும் செய்தோம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற டாங்கிள், பை, பவர் பேங்க் மூணையும் காலேஜ் பேக்ல போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தினோம். பைபாஸ்ல வந்துச்சு. நகரி ரோட்டுல ரொம்ப தூரம் வந்துச்சு. மலைக்குப் பின்னாடி போனா சுத்தமா போச்சு. அப்போதான் அந்த மலையை நான் முதல்முறையா ஈசிஈ மாணவன் கண்ணால பார்த்தேன். அறுபடை வீட்டுல ஐந்தாவது என்று தெரியும், 365 படி என்று தெரியும். விஎச்எஃப் அலைக்கு அது ஒரு சுவர் என்று தெரியாது. அதே சுவர் உச்சியில ஒரு ரிலே ஸ்டேஷன் நின்னா ரெண்டு பக்கமும் கேட்கும் என்பதும் அப்போதான் உறைச்சுது. கோயில் மலையில நம்ம இஷ்டத்துக்கு ஆன்டெனா நட முடியாதுதான், அனுமதி வேணும். ஆனா கேட்டுப் பார்க்கிற அளவுக்காவது ஒரு திட்டம் கையில இருக்கணுமே.

நாங்க பையில போட்டுக்கிட்டுத் திரிஞ்ச டாங்கிளைப் பத்தி ரெண்டு வரி. அது டிவி பார்க்கச் செய்த பொருள். உள்ளே இருக்கும் சிப்பிலிருந்து கச்சா சிக்னலை அப்படியே உருவ முடியும் என்று 2012-ல கண்டுபிடிச்சாங்க. மலிவான சாஃப்ட்வேர் ரேடியோ பிறந்தது அப்படி. முதல் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்ததும் அதே 2012, பிப்ரவரி 29. சோதனைச்சாலை ஒண்ணு காலேஜ் பேக்குக்குள்ள அடங்கற காலம் நமக்கு வாய்ச்சிருக்கு. நாம அதை வெச்சு டஸ்ட்பின் மூடியைத் திறந்துட்டு இருக்கோம்.

இப்போ நகரியைப் பத்தி. ரயில்ல ரெண்டு ஸ்டேஷன் தாண்டினா ஆந்திரா, போன்ல வேற மாநிலத்து எஸ்எம்எஸ் வந்துடும். திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துலதான் இருந்தது, ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் நம்மூர்ப் பெரியவங்க திண்ணையில இன்னும் பேசுவாங்க. ஹாம்களுக்கு வேற வரைபடம். உலகத்தை நீளவாக்குல ரெண்டு டிகிரி, அகலவாக்குல ஒரு டிகிரி என்று கட்டம் கட்டிப் பேர் வெச்சிருக்காங்க. திருத்தணியோட கட்டம் எம்கே93. நகரி, சித்தூர், திருப்பதி, அரக்கோணம் எல்லாமே எம்கே93 தான். சென்னை மட்டும் 80 டிகிரி கோட்டைத் தாண்டிப் போனதால என்கே03. கால்சைன்லயும் மாநிலம் கிடையாது. தமிழ்நாட்டுக்காரருக்கும் ஆந்திராக்காரருக்கும் வி.யூ.2, வி.யூ.3 என்றுதான் தொடங்கும். காலையில சார் அந்தப் பக்கத்து நண்பரோட பேசறதைக் கேட்கணும். அவர் தெலுங்குல ஆரம்பிப்பார், இவர் தமிழ்ல முடிப்பார். எங்க ஊர்ல புயல், வெள்ளம் எது வந்தாலும் ரெண்டு மாநிலத்துக்கும் சேர்த்துத்தான் வரும். அப்போ ரெண்டு பக்கமும் பேசற ஆள் இருக்கணும்.

"புயல் வந்தா கவர்மென்ட் பார்த்துக்கும், போலீஸ்கிட்ட வயர்லெஸ் இருக்கு, மாணவன் என்ன பண்ணுவான்?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. 2004 டிசம்பர்ல ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் ஒரு குழுவை அந்தமானுக்கு அனுப்பியிருந்தது. குழுவில் பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் இருந்தார். பல வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தீவுகளிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைச்சிருந்ததால, உலகம் முழுக்க இருக்கிற ஹாம்கள் தொடர்புக்காக வரிசையில நின்னாங்க. ஜாலியான வேலை. டிசம்பர் 26 காலை பூகம்பம், பின்னாடியே சுனாமி. போன் கோபுரங்கள் போச்சு. பொழுதுபோக்குக்காகக் கட்டியிருந்த அதே ஆன்டெனாவிலிருந்து அவங்க போர்ட் பிளேரின் நிலைமையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. தீவுகளுக்கும் இங்கே தவிச்சுட்டு இருந்த உறவுகளுக்கும் நடுவுல தகவல் போச்சு. அன்னிக்கு அவங்ககிட்ட ராஸ்பெரி பை இல்லை. அது வரவே இன்னும் ஏழு வருஷத்துக்கு மேல இருந்தது. அவங்ககிட்ட இருந்தது லைசென்ஸ், கட்டி முடிச்ச ஆன்டெனா, பழகின கை. அதனாலதான் போர்டு மட்டும் வாங்கினா பாதின்னு சொன்னேன்.

கருவியையும் ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே பழகியிருக்கணும். ஒரு உதாரணம்: எஃப்டி8. ஹாம் உலகத்துல இப்போ ரொம்பப் பிரபலமான டிஜிட்டல் முறை, 2017-ல வந்தது. காதுக்கு வெறும் இரைச்சல் மட்டும் கேட்கற நிலையிலயும் கம்ப்யூட்டர் அதுக்குள்ளேயிருந்து செய்தியை எடுத்துடும். இதை உருவாக்கினவங்களில் ஒருத்தர் ஜோ டெய்லர், இரட்டை நட்சத்திரப் பல்சரைக் கண்டுபிடிச்சதுக்காக 1993-ல இயற்பியல் நோபல் வாங்கினவர். பேராசிரியர், ஹாம், ரெண்டும். எஃப்டி8 சரியா 15 நொடிச் சுற்றுல ஓடும்; ரெண்டு பக்கத்துக் கடிகாரமும் ஒரு நொடிக்குள்ள ஒத்துப்போகணும். இங்கேதான் சிக்கல். நம்ம லேப்ல இருக்கிற ராஸ்பெரி பைகள்ல கடிகாரம் கிடையாது. நெட்ல இருந்துதான் நேரம் எடுக்கும். நெட் இல்லைன்னா அதுக்கு எந்த நாள்னே தெரியாது. அதாவது, எந்த நாளுக்காக நாம இதைக் கட்டறோமோ, அந்த நாள்லதான் இது தூங்கும்! ஒரு குட்டி ஆர்டிசி மாட்யூலோ ஜிபிஎஸ் மாட்யூலோ போட்டா தீர்ந்தது. புதுசான ராஸ்பெரி பை 5-ல கடிகாரம் உள்ளேயே இருக்கு, பேட்டரி மட்டும் நாம வாங்கணும். இதை வெள்ளத்தன்னிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துல கண்டுபிடிக்கக் கூடாது.

எஃப்டி8 பத்தி சாருக்கும் எனக்கும் சண்டை உண்டு. "ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்குது, நடுவுல மனுசன் டீ குடிக்கிறான். இது இன்னா ரேடியோ?" என்பார். அவர் மோர்ஸ் ஆள். அவர் சொல்றதுல பாதி எனக்குச் சரின்னு படுது. நூறு நாட்டைத் தொட்டேன்னு பெருமையடிச்சு ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம இருக்கலாம். அதைவிட எனக்குக் கோபம் வர்றது ஹாட்ஸ்பாட் பெட்டிகள் மேல. கையில ரேடியோ, மேசையில பை, ரெண்டுக்கும் நடுவுல பத்தடி. அங்கிருந்து லண்டன் வரை இன்டர்நெட். ஊருக்கு ஊர் நண்பர்கள் கிடைப்பாங்க, தப்பில்ல. ஆனா நெட் போனா அதுவும் எங்க க்ரவுட் மானிட்டரும் ஒரே வரிசைதான்.

ஆனா மீதிப் பாதியில நான் கம்ப்யூட்டர் பக்கம். காரணம் கடங்கி.

திருத்தணியிலிருந்து வானத்துல நேர்கோடு போட்டா 60 கிலோமீட்டருக்குள்ள கடங்கி இருக்கு. தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்கேதான். 53 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பெரிய எம்எஸ்டி ரேடார், 1024 யாகி ஆன்டெனாக்கள் வயல் மாதிரி வரிசையா நிக்கும். அதை ஏன் இந்தப் பக்கத்துல கட்டினாங்க? பூமியோட காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியாப் போகுது. இந்தப் பகுதிக்கு மேலே உள்ள அயனி மண்டலம் தனி ரகம். சூரியன் சாய்ஞ்சதும் அதுல குமிழி குமிழியா வெற்றிடங்கள் எழும்பி, ஊடே போற ரேடியோ அலைகளைச் சிதறடிக்கும், ஜிபிஎஸ்ஸையும் விட்டுவைக்காது. அதாவது ஐரோப்பாவிலயோ அமெரிக்காவிலயோ உட்கார்ந்திருக்கிற ஒரு ஹாமுக்குக் கிடைக்காத சோதனைச்சாலை நம்ம மொட்டை மாடிக்கு மேலேயே இருக்கு.

இதை அளக்க ரேடார் தேவையில்லை, ஆரம்பத்துக்கு. ஜோ டெய்லரோட இன்னொரு படைப்பு விஸ்பர், 2008-ல வந்தது. கால்சைன், கட்டம், பவர் மூணை மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் எடுத்து மெல்ல அனுப்பும். ஒரு வாட்டுக்கும் குறைவான சிக்னல் கண்டம் தாண்டிக் கேட்கும். கேட்டவங்க எல்லாரும் நேரத்தோட ஒரு பொதுத் தளத்துல பதிவு பண்றாங்க. மாடியில பத்து மீட்டர் கம்பி, எச்எஃப் கேட்கக்கூடிய டாங்கிள், ராஸ்பெரி பை; 14 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் ராத்திரி பூரா ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். மனுசனால ராத்திரி முழுக்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை காது கொடுத்துக் குறிப்பெடுக்க முடியாது. ரெண்டு வாட் கரண்ட் தின்கிற போர்டால முடியும். எங்க பதிவுல சாயங்காலம் எந்தத் திசை சிக்னல் எப்போ தடுமாறுது என்று பார்க்கறதே எனக்கு ஓடிடி சீரிஸ் மாதிரி ஆயிடுச்சு. அமெரிக்காவில் ஹாம்சை என்ற குழு இதே வேலையைப் பெரிய அளவுல செய்யுது. 2017, 2024 சூரிய கிரகணங்களின்போது ஹாம்களைத் திரட்டி அயனி மண்டலத்தை அளந்தாங்க, அவங்க ரிசீவர்ல ஒரு வகை ராஸ்பெரி பையை வெச்சே ஓடுது. 2019 டிசம்பர் 26-ல வளையக் கிரகணம் தமிழ்நாட்டு மேலேயே போச்சு. நான் ஸ்கூல் கிரவுண்டுல கண்ணாடி போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21, தென் தமிழகம் வழியா. இப்போ ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறவங்க அப்போ இன்ஜினியர்களா இருப்பீங்க.

"லைசென்ஸே வேண்டாமே, லோரா இருக்கே?" என்று கேட்கிறவங்களுக்கு: இருக்கு, நல்ல விஷயம். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த பவர்ல லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம். எங்க க்ரவுட் மானிட்டரோட அடுத்த பதிப்பு அதுலதான் ஓடப்போகுது. தினசரி சென்சார் வேலைக்கு அதுவே பொருத்தம், அமெச்சூர் பேண்ட் அதுக்கு இல்லை. ஆனா லோராவுல நீங்க வாங்கின மாட்யூலை அப்படியே பயன்படுத்தணும். சொந்தமா ஒரு டிரான்ஸ்மிட்டர் வடிவமைச்சு, கட்டி, ஏற்றிப் பேசிப் பார்க்கிற உரிமை ஹாம் லைசென்ஸ்லதான் வருது. எச்எஃப், செயற்கைக்கோள் எல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

செயற்கைக்கோள்னதும் ஒண்ணு சொல்லணும். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு நேர்கோட்டுல சுமார் 90 கிலோமீட்டர். வானம் தெளிவா இருந்தா ராக்கெட் ஏறறதை மாடியிலிருந்தே பார்க்கலாம், ஸ்டேட்டஸும் போடலாம். 2005 மே 5-ல அங்கிருந்து பிஎஸ்எல்வி-சி6 கார்டோசாட்-1 கூட ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளையும் கொண்டு போச்சு. ஹாம்களுக்காகவே இஸ்ரோ அனுப்பினது. அதுல ரெண்டு டிரான்ஸ்பாண்டர். ஒண்ணு இந்தியாவில் உருவானது. இன்னொண்ணைச் செய்தவர் வில்லியம் லெயன்ஹார்ஸ்ட், நெதர்லாந்துல இன்ஜினியரிங் படிச்சுட்டு இருந்த ஒரு ஹாம். நம்மள மாதிரி ஸ்டூடென்ட். வேற நாட்டு மாணவன் கட்டின டிரான்ஸ்பாண்டர் நம்ம மாடிக்கு மேலே பறந்துச்சு, 2014 வரை வேலை செய்தது. நாம ஸ்டேட்டஸ் போட்டோம். அண்ணா பல்கலைக்கழகம் 2009-ல அனுசாட், எஸ்ஆர்எம் 2011-ல, சத்யபாமா 2016-ல தங்களோட செயற்கைக்கோளை அனுப்பின வரலாறும் நமக்கு இருக்கு என்பதையும் சொல்லிடறேன், இல்லாட்டி கமென்ட்ல அடிப்பீங்க. ஆனா நம்ம அளவுக்கு இப்போதைக்குக் கேட்கிற வேலையே நிறைய இருக்கு. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது சில நாட்கள்ல 145.800 மெகாஹெர்ட்ஸ்ல படம் அனுப்பும். அதிகபட்சம் பத்து நிமிஷம்தான் வானத்துல இருக்கும். பை அந்த நேரத்தைக் கணக்கு போட்டுத் தானே பதிவு பண்ணி வெச்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ராஸ்பெரி பையோட ஜிபிஐஓ பின்லயே ஒரு கம்பியைச் சொருகி, மென்பொருள் வழியா ரேடியோ அலை அனுப்பற வீடியோக்கள் நிறைய சுத்துது. செய்யாதீங்க. லைசென்ஸ் இல்லாம அனுப்பறது குற்றம் என்பது முதல் காரணம். ரெண்டாவது காரணம் நம்ம சிலபஸ்லயே இருக்கு: அந்தப் பின்ல வர்றது சதுர அலை. ஃபூரியே தொடர் போட்டுப் பாருங்க. 7 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினா 21-லயும் 35-லயும் சேர்த்தே கத்தும். மூணாவது ஹார்மோனிக் அடிப்படை அலையில மூணுல ஒரு பங்கு வீச்சோட இருக்கும். அங்கே யாரோ வேற வேலையா பேசிட்டு இருப்பாங்க. லைசென்ஸ் வாங்கின ஹாம்கள் இதையே லோ-பாஸ் ஃபில்டர் போட்டு, மில்லிவாட் பவர்ல, விஸ்பர் அனுப்பப் பயன்படுத்தறாங்க. வித்தியாசம் நாலு காயில், அஞ்சு கெப்பாசிட்டர், ஒரு தேர்வு.

அந்தத் தேர்வு பயமுறுத்தற சமாச்சாரமில்ல. 12 வயசு ஆனவங்களே எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. அடிப்படை ரேடியோ தியரியும் விதிமுறைகளும்தான். தியரிப் பகுதியை நம்ம தேர்ட் செமஸ்டர் ஆள் படிக்காமலேயே பாதி எழுதிடலாம். விதிமுறையைத்தான் உட்கார்ந்து படிக்கணும். அதுக்கப்புறம் விண்ணப்பம், சரிபார்ப்பு, காத்திருப்பு என்று மாசக்கணக்குல இழுக்கலாம் என்பது உண்மை. சலிப்பாத்தான் இருக்கும். நான் இப்போ அந்தக் காத்திருப்புலதான் இருக்கேன். அதனாலதான் ஃபைனல் இயர்ல தொடங்காதீங்கன்னு சொல்றேன். ஃபர்ஸ்ட் இயர்ல விண்ணப்பிச்சா ப்ராஜெக்ட் நேரத்துக்குக் கையில கால்சைன் இருக்கும்.

நம்ம மாகாணத்துக்கு இது புதுசும் இல்ல. 1924-ல மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கினது ஆர்வலர்கள் சேர்ந்துதான். ஆல் இந்தியா ரேடியோ என்ற பேரே அப்போ கிடையாது. பணம் இல்லாம 1927-ல மூடினாங்க, டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துட்டாங்க, அது 1930-ல திரும்பப் பேச ஆரம்பிச்சது.

டிபார்ட்மென்ட்கிட்ட நான் கேட்கிறது பெரிய லேப் இல்லை. மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவில ஒரே ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லுங்க: "ரௌட்டரைப் பிடுங்கினா இது என்ன செய்யும்?" பிடுங்கியும் காட்டச் சொல்லுங்க. டெமோ நடுவுல ரௌட்டர் போனா முழிக்கிற முழி இருக்கே, அது போதும், அடுத்த பேட்ச் யோசிக்கும். ஹாம் தேர்வு எழுதற பசங்களுக்கு ஆன்-டியூட்டி கொடுங்க. கல்ச்சுரல்ஸ்ல டான்ஸ் ஆடினா கிடைக்குது, இதுக்குக் கிடைக்காதா?

மாணவர்களுக்கு: நம்ம எம்பெடெட் லேப் ரெண்டாவது அலமாரியில பழைய ராஸ்பெரி பை 3 போர்டுகள் தூசி படிஞ்சு கிடக்கு. நான் எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணு. ரெண்டுல எஸ்டி கார்டு இல்லை, ஒண்ணு பூட் ஆகல, மத்ததெல்லாம் ஓடுது. டைர்வுல்ஃப், விஸ்பர் ரெண்டுக்கும் அந்தப் பழைய போர்டே தாராளம். சாவி லேப் அண்ணாகிட்ட இருக்கு. நாலு மணிக்கு மேல போய்க் கேட்டா தருவார். ரெஜிஸ்டர்ல மட்டும் ஒழுங்கா கையெழுத்துப் போட்டுடுங்க.